நேற்று இரவா, இன்று காலையா: ஐபிஎஸ் உள்ளவருக்கு உணவு எத்தனை நேரத்தில் வேலையைக் காட்டும்?

கோத்தகிரிக்காரர் ஒருவர் கேட்டிருப்பது இது. மூன்று வருடமாக ஐபிஎஸ் (IBS), அதாவது வலி, உப்புசம், பேதி அல்லது மலச்சிக்கல் என்று அடிக்கடி படுத்தும் குடல் எரிச்சல் நோய். வேலை மேட்டுப்பாளையத்தில். காலை 5.45க்கு ஒரு டீ, இரண்டு வர்க்கி (எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட்), 6.15க்குப் பேருந்து. ஊரைத் தாண்டியதுமே அடிவயிறு முறுக்க ஆரம்பிக்கிறது, குஞ்சப்பனை வரும்போது தாங்க முடிவதில்லை, கீழே இறங்கியதும் கழிப்பறையைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. பாலை நிறுத்திப் பார்த்தார், வர்க்கியை நிறுத்திப் பார்த்தார், தக்காளியையும் விட்டுவிட்டார். சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் மறுபடி அதே கதை. "ஒத்துக்கொள்ளாத சாப்பாடு எத்தனை நிமிடத்தில் வேலையைக் காட்டும்?" என்று கேட்கிறார். அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, வயிற்றைக் கலக்கும்போது எந்த வேளைச் சாப்பாட்டைச் சந்தேகப்படுவது என்பதுதான் என்று நினைக்கிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இரவு வழக்கம்போல சப்பாத்தியும் ராஜ்மாவும்தான், அதில் பிரச்சினை இல்லை." நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

நான் உணவியல் படித்தவள். கோவையில் குடல்நோய்ப் பிரிவு ஒன்றில் 8 வருடம், அப்புறம் குன்னூரில் 14 வருடம் இதே வேலை. மருத்துவர் இல்லை. நோய் என்னவென்று சொல்வது அவர்கள் பொறுப்பு, சொன்ன பிறகு தட்டில் என்ன இருக்கலாம் என்று பார்ப்பது என் பொறுப்பு. உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கமான பதில், சில நிமிடத்திலிருந்து ஒன்றரை நாள் வரை. இது உதவாத பதில் போலத் தோன்றும். ஆனால் வயிற்றுக்குள் மூன்று வேலைகள் மூன்று வேகத்தில் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் உங்கள் காலை நேரக் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும்.

முதலாவது நிமிடக் கணக்கு. இரைப்பையில் ஏதாவது விழுந்து அது விரிந்ததும், வருகிறவர்களுக்கு இடம் விடச் சொல்லிப் பெருங்குடலுக்குத் தகவல் போகிறது. நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் போகும் தகவல். சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கி ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பெருங்குடல் இறுகி இறுகி உள்ளே இருப்பதைக் கீழே தள்ளும். கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வெளிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே அனிச்சைச் செயல்தான். எல்லோருக்கும் உண்டு. ஐபிஎஸ் உள்ளவர்களில் பலருக்கு, குறிப்பாகப் பேதி வகையினருக்கு, இது ஓங்கி அடிக்கிறது. சாப்பாட்டின் அளவும் கொழுப்பும் கூடினால் இன்னும் ஓங்கும். காபி இதில் தனி ரகம். 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிலருக்குக் காபி குடித்த 4 நிமிடத்துக்குள் பெருங்குடலின் கடைசிப் பகுதி அசையத் தொடங்கியது. காஃபின் நீக்கிய காபியும் அதையே செய்தது, வெந்நீர் செய்யவில்லை. அந்த 4 நிமிடத்தில் குடித்த காபி பெருங்குடலை எட்டியிருக்க வழியே இல்லை. அப்படியானால் வெளியே வருவது எது? நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது. "சாப்பிட்டது அப்படியே வெளியே வந்துவிடுகிறது மேடம்" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் சொல்கிறார்கள். அவர்கள் படும் அவஸ்தை உண்மை. ஆனால் மலத்தில் தெரிகிற கீரையும் தக்காளித் தோலும் ஏதோ முந்தைய வேளையுடையது.

இரண்டாவது மணிக் கணக்கு, தோராயமாக அரை மணியிலிருந்து நான்கு மணி நேரம். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சர்க்கரைகள் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. பாலில் உள்ள லாக்டோஸ், சில பழங்களில் மிகுதியாக உள்ள ஃப்ரக்டோஸ், பேரிக்காயிலும் பிளம்ஸிலும் உள்ள சார்பிட்டால், காளானில் உள்ள மன்னிட்டால் எல்லாம் இந்தக் கூட்டம். வெறும் வயிற்றில் நீர்மமாகக் குடித்தால் சீக்கிரம், சோற்றோடு சேர்ந்து போனால் தாமதம். கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா வருடா வருடம் ஆடி மாதத்தில் மட்டும் என்னிடம் வருவார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேதி, அதனால் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவு செய்திருந்தார். இரண்டாவது வருடம்தான் கேட்கத் தோன்றியது, காலையில் இடையே ஏதாவது வாயில் போடுகிறீர்களா என்று. வரப்போரத்து மரத்திலிருந்து தினமும் நாலைந்து பேரிக்காய். பதினொரு மணிக்குச் சாப்பிட்ட பேரிக்காய் ஒன்றரை மணிக்கு வேலையைக் காட்டியது. ஒரு பாவமும் அறியாத சாம்பார் பழியைச் சுமந்தது.

மூன்றாவதுதான் பலரும் கணக்கில் சேர்க்காமல் விடுவது. கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருள் இருக்கிறது. துவரை, கடலை, ராஜ்மா, அவரை போன்ற பருப்பு பயறுகளில் அதைப் போலவே கேலக்டோஸ் கோத்த சங்கிலிகள். இவற்றை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் யாருக்குமே இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று காற்றை உண்டாக்குகின்றன. சாப்பாடு இரைப்பையை விட்டுச் சிறுகுடலைக் கடந்து அங்கே போய்ச் சேரவே நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். அதற்குப் பிறகுதான் நொதித்தலே தொடங்குகிறது. பெருங்குடலைக் கடக்க ஒரு நாள், ஒன்றரை நாள் ஆவது சாதாரணம், மலச்சிக்கல் வகையினருக்கு இன்னும் அதிகம். ஆக இரவு 8.30 மணிச் சாப்பாட்டின் உப்புசமும் முறுக்கலும் மறுநாள் விடியற்காலையில் வருவதில் வியப்பே இல்லை.

இப்போது உங்கள் காலையை எடுத்துக்கொள்வோம். ஒரு டீயில் பால் 50, 60 மில்லிக்கு மேல் இருக்காது. 100 மில்லி பாலில் லாக்டோஸ் ஏறக்குறைய 5 கிராம், அப்படியானால் உங்கள் டீயில் 3 கிராம். லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்களிலும் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் வரை, பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். வர்க்கி மைதாதான், ஃப்ரக்டான் உண்டு, ஆனால் ஒரு மணி நேரத்தில் அது பெருங்குடலைத் தொட்டிருக்காது. அந்த நேரத்தில் பெருங்குடலில் இருப்பது பத்து மணி நேரத்துக்கு முன் சாப்பிட்ட ராஜ்மாவும் சப்பாத்தியும், அதில் அரைத்துவிட்ட வெங்காயமும் பூண்டும். நான்குமே மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவை. இதற்கு மேல் தூக்கத்திலிருந்து எழுந்தாலே பெருங்குடல் சுறுசுறுப்பாகும். அதன்மேல் சூடான டீ, நெய்யோ வனஸ்பதியோ சேர்ந்த வர்க்கி, பேருந்தைப் பிடிக்கும் பரபரப்பு. இரவு ஏற்றிவைத்த சுமையைக் காலை டீ தள்ளிவிடுகிறது என்றுதான் இதை நான் படிக்கிறேன். பாலையும் வர்க்கியையும் நிறுத்தியபோது சில நாள் மட்டும் சரியானதற்கும் இது பொருந்துகிறது. தள்ளும் கை கொஞ்சம் தளர்ந்தது, சுமை அப்படியே இருந்தது. தக்காளியை நிறுத்தியதும் நன்றாக இருந்த நாட்கள், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இரவு ராஜ்மா இல்லாத நாட்கள் அவையா என்று யோசித்துப் பாருங்கள்.

இதே ராஜ்மாவை உங்கள் வீட்டில் எல்லோரும்தானே சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை? இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஐபிஎஸ் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இப்படிப்பட்ட சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்தது. ஃப்ரக்டோஸ் சிறுகுடலில் தண்ணீரைக் கூட்டியது, இனுலின் என்ற ஃப்ரக்டான் பெருங்குடலில் காற்றைக் கூட்டியது. இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வலியும் உப்புசமும் மட்டும் ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அதிகம். குடல் நரம்புகள் சாதாரண விரிவைக்கூட வலியாக உணர்கின்றன. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த ஆய்வைச் சொல்லுங்கள். நரம்பின் கூர்மை தூக்கம் கெட்ட நாளிலும், பதற்றம் உள்ள நாளிலும், பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் கூடும். அதனால்தான் அதே உணவு, அதே அளவு, திங்கட்கிழமை படுத்தும், ஞாயிற்றுக்கிழமை படுத்தாது. கழிப்பறை இல்லாத பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்ற நினைப்பே போதும். மூளைக்கும் குடலுக்கும் இடையே போகும் நரம்புக்கு எந்தச் சாப்பாடும் தேவையில்லை.

மலையில் இருப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே ஏறினால் காற்றழுத்தம் குறையும், குடலில் அடைபட்ட காற்று விரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்கு வந்தால் அதே காற்று ஏறக்குறைய கால் பங்கு பருக்கும். இது பௌதிகம், சந்தேகம் இல்லை. அது மட்டும் ஒருவரின் ஐபிஎஸ்ஸைக் கிளப்பிவிடுமா என்பது நிரூபிக்கப்பட்டதல்ல. திரும்பி மேலே வரும்போது மாலையில் வயிறு இறுக்கமாக இருந்தால் இதையும் ஒரு காரணமாக நினைக்கலாம். உங்கள் முறுக்கல் இறங்கும்போது வருவது, அப்போது காற்று சுருங்கவே செய்யும். அதனால் உயரத்தின்மேல் பழி போட முடியாது.

நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். குன்னூர் வந்த புதிதில் ஒரு பெண், காலைக் காபி குடித்த அரை மணியில் வயிற்றைக் கலக்குகிறது என்றார். நேரத்தை வைத்தே பால் என்று முடிவுகட்டி நிறுத்தச் சொன்னேன். ஒரு வருடம் பால், தயிர், மோர் எதையும் தொடாமல் இருந்தார். பிறகு முறைப்படி சோதித்தபோது ஒரு டம்ளர் பாலை எந்தத் தொல்லையும் இல்லாமல் குடித்தார். அவரைப் படுத்தியது இரவுச் சாப்பாட்டில் இருந்த பூண்டு. ஒரு வருட தயிர்ச்சோற்றை அவரிடமிருந்து பறித்தது என் அவசரம். அன்றிலிருந்து நேரத்தை மட்டும் வைத்து எந்த உணவையும் நான் நிறுத்தச் சொல்வதில்லை.

அதனால் நீங்களும் இரண்டு வாரம் எதையும் புதிதாக நிறுத்தாமல் எழுதி வையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு. வயிறு என்ன செய்தது, எத்தனை மணிக்கு. முந்தின இரவு எப்படித் தூங்கினீர்கள். அப்புறம் ஒவ்வொரு மோசமான வேளைக்கும் முன்னால் ஒரு மணி, நாலு மணி, ஒரு நாள் என்று மூன்று தூரத்தில் பின்னோக்கிப் பாருங்கள். ஒரே பெயர் மூன்று நாலு தடவை திரும்பி வந்தால்தான் சந்தேகம். சந்தேகம் தீர்ப்பாகிவிடாது, சோதனை வேண்டும். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் முறை இதற்கென்றே இருக்கிறது. நான் மேலே சொன்ன நொதிக்கும் சர்க்கரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் ஃபாட்மேப். இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை எல்லாவற்றையும் குறைப்பது, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. 2014இல் வந்த அவர்களின் ஆய்வில் 30 ஐபிஎஸ்காரர்களுக்கு 21 நாள் குறைத்துக் கொடுத்தபோது, முதல் ஏழு நாளுக்குள்ளேயே பெரிய அளவு குணம் தெரிந்தது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும், இன்னும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

திரும்பச் சேர்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரே பொருள், மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே. பால் என்றால் கால் டம்ளர், அரை டம்ளர், முழு டம்ளர். ராஜ்மா என்றால் ஒரு ஸ்பூன், இரண்டு, கால் கப். நடுவில் இரண்டு மூன்று நாள் சும்மா விட வேண்டும், ஏனென்றால் முந்தைய பொருளின் வால் இன்னும் குடலில் இருக்கும். பலருக்கும் எல்லை அளவில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சாம்பார் சுகம், இரண்டு கரண்டி தொல்லை. காலையில் கொஞ்சம் வெங்காயம், மதியம் பருப்பு, இரவு சப்பாத்தி என்று தனித்தனியாகத் தாங்குவது ஒரே நாளில் கூடி எல்லையைத் தாண்டுவதும் உண்டு. குறைக்கும் கட்டத்தை ஒரு உணவியலாளரின் துணையோடு செய்யுங்கள். தானாகச் செய்தவர்கள் பாதியில் நின்று, பத்துப் பொருளை நிரந்தரமாக விட்டு, உடல் மெலிந்து வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் சமையலுக்கு ஒரு செய்தி. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஊட்டிப் பூண்டானாலும் கொடைக்கானல் மலைப்பூண்டானாலும், முழுப் பல்லை எண்ணெயில் வதக்கிப் பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், தொல்லை கிடைக்காது. ஆனால் ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிடும்போது மட்டும் ஒதுக்கி வைத்துப் பயனில்லை, சரக்கு ஏற்கெனவே ரசத்தில் இறங்கிவிட்டிருக்கும். ராஜ்மா, அவரை எல்லாம் இரவு முழுதும் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் ஓரளவு குறையும். அரிசி, ராகிக் களி, கேரட், உருளைக்கிழங்கு, மேரக்காய் இவை பெரும்பாலும் வம்புக்கு வருவதில்லை. மலைக்காரர்களுக்கு இது நல்ல செய்தி.

சில விஷயங்களில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மிளகாய் பேதி வகையினருக்குச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றெரிச்சலைக் கூட்டுவதைத் தாய்லாந்து ஆய்வுகள் காட்டின. அதே நாட்டில் ஆறு வாரம் தொடர்ந்து மிளகாய் கொடுத்தபோது எரிச்சல் குறைந்ததும் உண்டு. கோதுமையில் பிரச்சினை குளூட்டன் என்ற புரதமா ஃப்ரக்டானா என்பதில் 2018 நார்வே ஆய்வு ஃப்ரக்டான் பக்கம் சாய்கிறது. அதில் இருந்தது 59 பேர்தான், அவர்களும் தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று நம்பியவர்கள். இதை வைத்து எல்லோருக்கும் பேச முடியாது.

ஆனால் இதில் தயங்க மாட்டேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல், ரத்தசோகை, 50 வயதை ஒட்டிப் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் அல்லது குடல் அழற்சி நோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டுக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணித் தொற்றும் ஐபிஎஸ் வேஷம் போடும். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (குளூட்டன் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) ரத்தப் பரிசோதனையை எடுத்துவிட வேண்டும், நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு தவறாக வரலாம். பித்தப்பை எடுத்தவர்களுக்குச் சாப்பிட்டவுடன் வரும் பேதிக்குப் பித்தநீரே காரணமாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு. தொண்டை அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் சாப்பிட்ட சில நிமிடத்தில் வந்தால் அது ஒவ்வாமை, இந்தப் பேச்சே வேறு.

உங்கள் மூன்று வருடத்தில் ரத்தப் பரிசோதனை ஒன்றாவது எடுத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் முதலில் அது. இரவுச் சப்பாத்தி, ராஜ்மாவை இரண்டு வாரத்துக்கு மதியத்துக்கு மாற்றி, இரவில் சோறும் கேரட் பொரியலும் என்று வைத்துப் பாருங்கள். காலையில் அரை மணி முன்னால் எழுந்து, 5.15க்கு டீயைக் குடித்துவிட்டு, அவசரமில்லாமல் பத்து நிமிடம் வீட்டுக் கழிப்பறையில் உட்காருங்கள். பெருங்குடல் தள்ளப்போகும் நேரம் உங்களுக்கு இப்போது தெரியும், அது பேருந்தில் நடப்பதை விட வீட்டில் நடக்கட்டும். வர்க்கியைத் திரும்பச் சேர்க்க அவசரப்பட வேண்டாம், ஆனால் என் கணக்கு சரியென்றால் ஒரு மாதத்தில் ஒன்று சாப்பிட்டுப் பார்க்கலாம். குறிப்பேட்டில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.